காஞ்சனாபுரியில் எங்கள் தோட்டத்து அறை

தாய்லாந்தில் வேலை கிடைத்து வரும் நம் ஆட்கள் பெரும்பாலும் பாங்காக்கில்தான் தங்குகிறார்கள். காண்டோ என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு, நீச்சல் குளம், கீழே இறங்கினால் செவன் இலெவன் கடை, கொஞ்ச தூரத்தில் ரயில் என்று அங்கே எல்லாம் தயாராக இருக்கும். எங்கள் நிலைமை வேறு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை ஆலையில் வேலை, கரும்பு எங்கே விளைகிறதோ அங்கேதான் ஆலை, ஆலை எங்கேயோ அங்கேதான் நாங்கள். கடலூர் மாவட்டத்துக்காரர்களான நாங்கள் பாங்காக்கிலிருந்து மேற்கே 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற காஞ்சனாபுரிக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான். அரவைப் பருவம் டிசம்பரில் தொடங்கும், அதற்குள் ஆலையை ஓட்டிப் பார்த்துத் தயார் செய்ய வேண்டும் என்று நவம்பரிலேயே வரச்சொல்லிவிட்டார்கள். வீடு தேட அவகாசம் இல்லை. ஆலையில் கூட வேலை செய்பவர் ஒருவர், ஊருக்குள் அமைதியான இடம், விலையும் குறைவு, வீடு கிடைக்கும்வரை இருங்கள் என்று ஒரு தோட்ட விடுதியைக் காட்டினார். அரவை முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டோம்.

இந்த நாட்டில் ரிசார்ட் என்று பலகை மாட்டியிருந்தால் கடற்கரையும் மசாஜும் நீலக் குளமும் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளியூர்ச் சாலைகளில் பத்து நிமிடத்துக்கு ஒன்று தென்படும். ஒரு மனை நிறைய மரம், அதற்குள் சின்னச் சின்ன ஓட்டு வீடுகள், ஒவ்வொன்றின் முன்னாலும் வண்டி நிறுத்த நிழல், வாசலில் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். மருந்துக் கம்பெனி விற்பனையாளர்கள், கல்யாணத்துக்கு வந்த உறவினர்கள், வார இறுதியில் பாங்காக்கிலிருந்து வரும் குடும்பங்கள் என்று தாய்லாந்துக்காரர்களே அதிகம் தங்குகிற இடம். ஓர் இரவுக்கு 450 பாட் சொன்னார்கள். மாதக்கணக்கில் என்றதும் 6,000 பாட், மின்சாரம் தனி, யூனிட்டுக்கு 7 பாட் என்று முடிவானது. மின்வாரியத்தின் கணக்கைவிட இது கூடுதல்தான், ஆனால் வாடகை அறைகளில் பெரும்பாலும் இப்படித்தான் வாங்குகிறார்கள் என்று பிறகு நாலு இடத்தில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

அறை பழசு. குளியலறை முழுக்க இளஞ்சிவப்பு ஓடு, அதே நிறத்தில் வாஷ் பேசின், கண்ணாடி மேசையின் கால்கள் பல வருட மாப் தண்ணீர் பட்டு உப்பிப் போயிருந்தன. பழைய பெட்டி டி.வி. இருந்த மேடையில் இப்போது சின்னத் தட்டை டி.வி. ஒன்று ஓரமாக நிற்கிறது. கட்டில் மரம் கனமானது, இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. திரைச்சீலையில் பெரிய பெரிய பூக்கள், வெளுத்து எந்த நிறம் என்று சொல்ல முடியாத பூக்கள். ஏசி ஒரு குலுக்கலோடுதான் கிளம்பும், கிளம்பிவிட்டால் நன்றாகக் குளிரும். ஆனால் சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். வெள்ளை விரிப்பு வெயிலில் காய்ந்த வாசனையோடு வரும், தரையில் வெறுங்காலோடு நடக்கலாம், கழிப்பறையில் நமக்கு வேண்டிய தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். வெளிநாடு போகும் தமிழ்க் குடும்பத்துக்குக் கடைசியாகச் சொன்னது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

தோட்டம்தான் அந்த இடத்தின் உயிர். இட்லிப்பூ, செம்பருத்தி, நந்தியாவட்டை, காகிதப்பூ, வேலியோரம் முருங்கை, நடுவில் இரண்டு மாமரம், பின்பக்கம் பலா. விமானம் ஏறி வேறு நாட்டுக்கு வந்திருக்கிறோம், வாசலில் இறங்கினால் எல்லாம் தெரிந்த செடி. விடியற்காலையில் குயில் கூவும். தோட்டத்துக்கு நடுவே தாமரைக் குளம், அதில் சிமெண்டில் செய்த யானை ஒன்று, அதன் தும்பிக்கையிலிருந்து முன்பு தண்ணீர் வந்திருக்க வேண்டும், இப்போது பாசி மட்டும். குளத்தங்கரையில் ஒரு பெரிய உடும்பு அவ்வப்போது வெயில் காயும். அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று சைகையிலேயே எங்களுக்குச் சொன்னார்கள். ராத்திரியில் ஓட்டுக்கு அடியிலிருந்து டொக்கே டொக்கே என்று ஒரு சத்தம் வரும், முழங்கை நீளப் பல்லி அது, உடம்பெல்லாம் ஆரஞ்சுப் புள்ளி. முதல் வாரம் என் மகள் கட்டிலைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். அப்புறம் அது எத்தனை முறை கத்துகிறது என்று எண்ணிக்கொண்டே தூங்கப் பழகினாள். கரப்பான் பூச்சியே இல்லாததற்கு அந்தப் பல்லிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விடுதியை நடத்தியது வயதான தம்பதி. தாத்தா செடிகளோடு இருப்பார், பேச்சு குறைவு. அந்தம்மாதான் எல்லாம். விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலோடு பாத்திரம் ஏந்தி வருவார்கள், அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சோறும் குழம்பும் கட்டிய பொட்டலங்களைப் பாத்திரத்தில் இட்டு, மண்டியிட்டுக் கும்பிடுவார். அப்புறம் தோட்ட மூலையில் தூண்மேல் இருக்கிற குட்டிக் கோயிலுக்குப் போவார். நிலத்தைக் காக்கிற தெய்வத்துக்கான கோயில் அது, தாய்லாந்தில் வீடு, கடை, வங்கி எதன் முன்னாலும் இருக்கும். சிவப்பு சோடா பாட்டிலைத் திறந்து ஸ்ட்ரா போட்டு வைத்து, ஊதுபத்தி கொளுத்தி, மல்லிகை மாலை சாத்துவார். அந்த மாலையைப் பார்த்துத்தான் அவருக்கும் எனக்கும் பழக்கம் ஏற்பட்டது.

இங்கே சிக்னலில்கூட மல்லிகை மாலை விற்கிறார்கள், 20 பாட் கொடுத்தால் கிடைக்கும். ஆனால் யாரும் தலையில் வைப்பதில்லை. அது புத்தருக்கு, கோயிலுக்கு, கார் கண்ணாடியில் தொங்கவிட. வாங்கித் தலையில் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அவர்களுக்கு அது சாமிப் பொருள். ஒரு நாள் அந்தம்மா திண்ணையில் உட்கார்ந்து மாலை கோத்துக்கொண்டிருந்தார். ஒரு சாண் நீளத்துக்கும் மேலே மெல்லிய ஊசி, அதில் மல்லிகை மொட்டுகளை ஒவ்வொன்றாகக் குத்தி, வட்டமாக அடுக்கி, ஊசி நிறைந்ததும் அப்படியே நூலுக்கு இறக்குகிறார். மொட்டு ஒன்றுகூட வரிசை தப்பவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாழைமட்டையிலிருந்து நார் கிழித்து, ஊசியே இல்லாமல் இரண்டு மொட்டு இந்தப் பக்கம் இரண்டு மொட்டு அந்தப் பக்கம் வைத்துச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டிக் காட்டினேன். அவர் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என் விரலையே பார்த்தார். மறுபடி மெதுவாகக் கட்டச் சொன்னார். அன்றிலிருந்து குளத்தோரச் செடியின் மல்லிகையில் பாதி எனக்கு, என் தலைக்கும் மகள் தலைக்கும். எனக்கு அப்போது தாய் மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர ஒன்றும் தெரியாது, கணவருக்கோ மாறி மாறி ஷிப்ட். அந்தத் திண்ணை இல்லாவிட்டால் முதல் மாதங்களை எப்படி ஓட்டியிருப்பேன் என்று தெரியவில்லை. என் மகள் அவரை யாய் என்று கூப்பிடப் பழகிக்கொண்டாள், அவர்கள் அம்மாவழிப் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

சமையல்தான் எனக்கு இருந்த பெரிய கவலை. அறையில் கெட்டில் மட்டும்தான். ஆனால் இந்த ஊர்ப் பழைய வீடுகளில் சமையலறை பின்புறம் வெளியே, கூரை மட்டும் போட்டு, காற்றோட்டமாக இருக்கும். அதில் ஓர் அடுப்பை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். மிளகாயும் பூண்டும் வாணலியில் போட்டு ஊரே தும்மும்படி வதக்குகிறவர்கள், நம் தாளிப்பு வாசனைக்கு ஏன் முகம் சுளிக்கப் போகிறார்கள்? காண்டோவில் தங்கிய தோழி ஒருத்தி சாம்பார் வைக்கவே பயப்படுவாள், பக்கத்து அறைக்காரர் புகார் கொடுப்பார் என்று. எனக்கு அந்தத் தொல்லை இல்லை. தேங்காயை நாம் உடைப்பதைவிட நன்றாக அவர்களுக்கு உடைக்கத் தெரியும், கொத்தமல்லியும் புளியும் சந்தையில் குவிந்து கிடக்கும், உளுந்துக்கும் பெருங்காயத்துக்கும் மட்டும் பாங்காக்கில் இந்தியக் கடைகள் இருக்கிற பாஹுரட் பக்கம் போவோம். போனால் சீலோம் மாரியம்மனையும் பார்த்துவிட்டு வருவோம். நம் ஆட்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில், இன்றைக்கு அங்கே வரிசையில் நிற்பவர்களில் தாய்லாந்துக்காரர்கள்தான் அதிகம்.

வெளிநாட்டவர் எங்கே தங்கியிருக்கிறார் என்பதை இடத்தின் சொந்தக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும், டிஎம் 30 என்று பெயர். விசா நீட்டிப்புக்குப் போனால் முதலில் அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். தனி வீடு கொடுக்கிற பலருக்கு இது பிடிப்பதில்லை, வரி அது இது என்று பயந்து தள்ளிப்போடுவார்கள், அலைவது நாம்தான். விடுதிக்காரர்களுக்கு இது பழகிய வேலை. அந்தம்மாவின் மருமகன் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய் அன்று சாயங்காலமே ரசீதைக் கொண்டுவந்து கொடுத்தார். புதிதாக வருகிறவர்கள் முதல் சில மாதம் இப்படிப்பட்ட இடத்தில் இருந்துவிட்டு அப்புறம் வீடு பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இது பெரிய காரணம். முன்பணம், ஒரு வருட ஒப்பந்தம், கட்டில் பீரோ வாங்குவது எதுவும் இல்லாமல் ஊரைக் கால் நடையாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நான் அப்படித்தான் ஊரைத் தெரிந்துகொண்டேன். மகளைப் பக்கத்துப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு நடப்பேன். செங் சூட்டோ சாலையில் ரயில் நிலையத்துக்கு அருகே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ராணுவம் 1942-லும் 1943-லும் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாத்துக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது, அதில் செத்துப்போன பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் ஏறக்குறைய 7,000 பேர் அங்கே அடங்கியிருக்கிறார்கள். புல் வெட்டி, ஒவ்வொரு கல்லுக்கும் பூச்செடி வைத்து, அவ்வளவு மரியாதையாகப் பராமரிக்கிறார்கள். அதே பாதையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அங்கே இல்லை, அது ராணுவத்தினருக்கான இடம். கொஞ்ச தூரத்தில் வாட் தாவோர்ன் வராராம் என்ற வியட்நாமியப் புத்தக் கோயில் இருக்கிறது, பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவுத் தூபி அதன் இடுகாட்டில்தான் உள்ளது, 2023-இல் அந்தக் கோயில் வளாகத்தில் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நாட்டினார்கள். அந்த ரயில் பாதையின் குவே ஆற்றுப் பாலத்தைப் படம் எடுக்க வருகிற தமிழர்கள் தயவுசெய்து அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள். முதல் தடவை அந்தம்மாவே மல்லிகை கொடுத்து அனுப்பினார், எதற்கு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆற்றோரம் தங்காததை எல்லோரும் கேட்பார்கள். ஆறு அழகுதான், குவே யாயும் குவே நோயும் கலந்து மே குளோங் ஆகிற இடம் இந்த ஊரில்தான். ஆனால் வார இறுதியில் பாட்டும் கூத்துமாக மிதவைகளைப் படகில் கட்டி இழுத்துப் போவார்கள், ஸ்பீக்கர் சத்தம் தண்ணீர் மேல் வெகுதூரம் வரும். இரவு ஷிப்ட் முடிந்து பகலில் தூங்க வேண்டிய மனிதர் வீட்டில் இருந்தால் ஆற்றிலிருந்து நாலு தெரு உள்ளே தள்ளிப் பாருங்கள், வாடகையும் பாதியாகும்.

குறை இல்லாமல் இல்லை. சாயங்காலம் எல்லா அறையிலும் ஆள் இருந்தால் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். குளம் இருப்பதால் கொசு, டெங்கு பயம் நிஜமானது, வலைக்கதவில் கிழிசல் இருந்தால் முதல் நாளே சொல்லி மாற்றிவிட வேண்டும். அரவைப் பருவத்தில் கரும்புக்காட்டுக்குத் தீ வைப்பார்கள், கறுப்புச் சாம்பல் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் உட்காரும், தட்டினால் கறையாகும், ஊதித்தான் விட வேண்டும். காற்றும் அந்த மாதங்களில் மோசம், ஆஸ்துமா உள்ள குழந்தையோடு வருகிறவர்கள் யோசித்து வாருங்கள். பிறகு ஏப்ரல். காஞ்சனாபுரி வெயில் 40 டிகிரியைத் தாண்டும், இந்தப் பழைய ஓட்டுக் கூரைகளுக்கு அடியில் வெப்பம் தடுக்க எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். மேற்குச் சுவர் ராத்திரி பத்து மணிவரை சுடும், ஏசி விடாமல் ஓடும், யூனிட்டுக்கு 7 பாட் என்பது அப்போதுதான் கண்ணில் தெரியும். அதனால் அறை எடுக்கும்போது மாமர நிழல் மேற்குப் பக்கம் விழுகிற அறையாகக் கேட்டு வாங்குங்கள். அடுத்த அரவைக்கு நாங்கள் சொல்லி வைத்திருப்பதும் அந்த அறைதான், முன்பணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.