நேர்ந்தது அம்மா, நடந்தது நான்

இடைக்காட்டூர் திரு இருதய ஆண்டவர் ஆலயத்துக்கு மதுரையிலிருந்து காரில் போனால் ஒரு மணி நேரம்தான். ராமேஸ்வரம் சாலையில் சுமார் 36 கி.மீ. அதை நான் நடந்து போனதற்குக் காரணம் பக்தி என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்த அம்மா, "இவரு நல்லபடியா வீடு வந்து சேரட்டும், மூத்தவன் உம்ம சன்னிதிக்கு நடந்தே வருவான்" என்று ஆண்டவரிடம் பேசி முடித்துவிட்டாள். மூத்தவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா நன்றாகவே வீடு வந்து சேர்ந்தார். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். கத்திரி கழியட்டும் என்று கடைசியாகச் சொன்ன சாக்குக்கு, "ஆபரேஷனப்ப ஆண்டவரு வெயில் மழை பாத்தாரா?" என்று அம்மா கேட்டதோடு சரி, அடுத்து வந்த மாத முதல் வெள்ளிக்கு நாள் குறித்தாகிவிட்டது. அழகர் ஆற்றில் இறங்கி, ஊர்க்கூட்டம் வடிந்திருந்த வாரம் அது. வியாழன் சாயங்காலம் கீழவெளி வீதி பேராலயத்தில் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, உள்ளே முணுமுணுப்போடுதான் கிளம்பினேன்.

தெப்பக்குளம், விரகனூர் வரை ஊர் வெளிச்சம் துணைக்கு இருந்தது. அதற்கப்புறம் நான்கு வழிச்சாலை. லாரி ஒவ்வொன்றும் ஆளைத் தள்ளிவிடுகிற மாதிரி காற்றடித்துக்கொண்டு போகும். சிலைமான் தாண்டி, கீழடிக்குப் பிரியும் இடத்தில் கைகாட்டிப் பலகையைப் பிடித்துக்கொண்டு செருப்பைக் கழற்றிப் பார்த்தால் குதிகாலில் கொப்புளம் கட்டியிருந்தது. திருப்புவனத்தில் ஒரு ஆட்டோக்காரர் கூடவே ஊர்ந்துகொண்டு வந்தார். "ஏறுங்கண்ணே, கோயிலுக்கு ஒரு தெரு முன்னாடி இறக்கிவிடுறேன். யாரு பாக்கப் போறா?" நியாயமான கேள்விதான். ஆனால் மறுநாள் "நடந்தியாடா?" என்று அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்பாளே! வேண்டாம் என்று கையாட்டிவிட்டேன். வேறு பெரிய வைராக்கியம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

நடக்கிறபோது புனித அருளானந்தர் ஞாபகம் வந்தது; சேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் குருவாக இருந்து, வேதத்துக்காக உயிரைக் கொடுத்தவர். அவருக்கும் நேர்ந்தது தாய்தான். லிஸ்பனில் 1647இல் பிறந்த பிள்ளை சிறுவயதில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபை அங்கி உடுத்தி வைக்கிறேன் என்று தாய் புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். அரண்மனையில் வளர்ந்த பையன் மறுக்காமல் அதை உடுத்தினான். பிறகு அதே அங்கியை விரும்பிக் கேட்டு வாங்கி, இங்கே வேதம் போதிக்க மதுரை மிஷனுக்கு வந்தான். நடுவில் தாய்நாட்டுக்குப் போனபோது அங்கேயே இருந்துவிடும்படி அரசரே சொல்லியும் நிற்காமல் திரும்பினார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அதற்கு முன் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் இருப்பது சந்தோஷம் மட்டும்தான். அவருக்கு முன்னால் என் கொப்புளம் எம்மாத்திரம்! அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியைத் தாண்டும்போது முணுமுணுப்பு நின்றுவிட்டிருந்ததைக் கவனித்தேன். எந்த இடத்தில் நின்றது என்று தெரியவில்லை.

விடிகிற நேரத்துக்கு இடைக்காட்டூர். கிராமத்து ஓட்டு வீடுகளுக்கு நடுவே அந்தக் கோபுரங்கள் தெரிந்தபோது வலி ஒரு நிமிஷம் மறந்தது. 1894இல் பிரெஞ்சு சேசு சபைக் குரு ஃபெர்டினாண்ட் செல், பிரான்சின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. சுடுமண் வேலைப்பாடு ஒவ்வொன்றையும் நின்று பார்க்கலாம், விட்டால்தானே! வாசலில் மெழுகுவர்த்தி விற்கிறவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். கல்யாண ஜோடி ஒன்றை நிறுத்திவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஆண்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிற கூட்டம் வேறு. கோயிலா, ஸ்டுடியோவா?

சொரூபத்துக்கு முன்னால் கேட்க எனக்குப் பெரிய பட்டியலே இருந்தது. மகளின் காலேஜ் சீட், வீட்டுக் கடன், தம்பியின் வேலை. பின்னால் நின்ற வாலண்டியர் "நகருங்க, நகருங்க" என்று தோளைத் தள்ளுகிறார். நிமிர்ந்து அந்தத் திறந்த இருதயத்தைப் பார்த்தேன். வாயில் வந்தது ஒன்றே ஒன்றுதான்: "அம்மா சொன்னாங்க, வந்துட்டேன்." சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வரும் என்று பயந்துகொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு! ஸ்கூல் விட்டு ஓடிவருகிற பையன் மாதிரி ஒரு சந்தோஷம் நெஞ்சு முழுக்க நிறைந்தது. பட்டியல் அப்படியே மறந்துபோனது.

பூசையில் உட்கார்ந்திருந்தபோது யோவான் 15ஆம் அதிகாரம் மனதில் ஓடியது. என் கட்டளைகளைக் கடைப்பிடியுங்கள் என்று 10ஆம் வசனத்தில் சொன்ன இயேசு, உங்கள் மகிழ்ச்சி நிறைவு பெறத்தான் இதைச் சொன்னேன் என்கிறார் 11ஆம் வசனத்தில். இத்தனை வருஷமாக முதலாவதைப் பயத்தோடும் அடுத்ததை ஏதோ ஆறுதல் போலவும் வாசித்திருக்கிறேன். அதுவும் அவர் பேசியது எந்த இரவில்? பிடித்துக்கொண்டு போகப்படப்போகிற இரவில். சற்று நேரத்தில் கெத்சமனியில் முகம் குப்புற விழுந்து, என் விருப்பமல்ல, உம் விருப்பம் என்று தந்தையிடம் சொல்லப்போகிறவர், மகிழ்ச்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்!

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே நன்றி சொல்லிக்கொண்டு வந்தேன். அப்பாவின் மூச்சுக்காக, நெஞ்சைத் திறந்து மூடிய டாக்டரின் கைக்காக, லைட்டைக் குறைத்துப் போன ஒரே ஒரு லாரிக்காக, செங்கல்லைச் சுட்டு அடுக்கிய பேர் தெரியாத கொத்தனார்களுக்காக, என்னைத் தள்ளிய வாலண்டியருக்காகவும்தான். திருப்புவனம் வந்ததும் அந்த ஆட்டோக்காரருக்கும் ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொன்னேன். ராத்திரி சவாரி எதுவும் கிடைத்ததோ என்னவோ.