வராந்தாவில் கழலாத செயின்

காலேஜ் மலர் போடுகிறோம், அதற்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கத்திலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி எப்படியும் பத்துப் பேர் எழுதுவார்கள், நான் செயின் கழன்ற கதையைச் சொல்கிறேன்.

கடைசி வருடம் நாங்கள் நாலு பேர் போட்டிக்கு ஒரு ரோபோ செய்தோம். சக்கரம் வேண்டாம், ராணுவ டாங்கி மாதிரி பட்டை போட்டால் எதன் மேலும் ஏறும் என்று ஒரே பிடிவாதம். கும்பகோணத்துப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய வைப்பர் மோட்டார் இரண்டு, பக்கத்துக்கு இரண்டு சைக்கிள் செயின், குறுக்கே போல்ட் போட்டு முடுக்கிய டயர் துண்டுகள். காலேஜ் வராந்தாவில் விட்டால் நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றும். போட்டியில் தரைக்குக் கார்பெட் விரித்திருந்தார்கள். முதல் திருப்பத்திலேயே இடது செயின் கழன்று விழுந்தது. தொய்வுதான் காரணம் என்று நினைத்து இழுத்து முடுக்கினோம், அடுத்த சுற்றில் மோட்டார் செயினோடு மல்லுக்கட்டியே சூடாகி ஃபியூஸ் போனது.

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனால் மன்னார்குடிப் பக்கம் எங்கும் சம்பா அறுவடை. ஆத்தூரிலிருந்து பெல்ட்டில் ஓடும் அறுவடை மிஷின் கொண்டுவந்திருந்த டிரைவர் அண்ணனிடம் புலம்பினேன். பீடியை அணைத்துவிட்டுப் பெல்ட்டைக் காலால் ஒரு மிதி மிதித்துக் காட்டினார், கொஞ்சம் அமுங்கியது.

"இவ்வளவு ஆட்டம் இருக்கணும் தம்பி. நேராப் போறப்ப எதுவும் கழலாது, திரும்புறப்பதான் கழலும். சேத்துல வழுக்கி விட்டுரும், தார் ரோட்டுல விடாது. அதான் லாரில ஏத்திட்டு வர்றோம்."

அட! எங்கள் வராந்தா மொசைக் தரை. வழுக்கி வழுக்கியே எங்களை ஏமாற்றியிருக்கிறது.

டாங்கி வண்டி திரும்புவது என்றால் தரையில் படிந்த பட்டை முழுவதும் பக்கவாட்டில் தேய்ந்து நகர வேண்டும். பட்டை நீளமாகவும் இரண்டு பட்டைக்கும் இடைவெளி குறைவாகவும் இருந்தால் அந்தத் தேய்ப்பை மோட்டாரால் சமாளிக்க முடியாது, முதலில் செயின்தான் பல்லை விட்டு ஏறும். தரையில் படியும் நீளம் இடைவெளியைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குள் இருந்தால் நல்லது. எங்களுடையது 60 செ.மீ. நீளம், 28 செ.மீ. இடைவெளி, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல்! பட்டைக்குள் சுற்றும் முன் பின் சக்கரங்களைச் சற்றுத் தூக்கி, தரையில் 40 செ.மீ. மட்டும் படியவிட்டு, இடைவெளியை 34 ஆக்கினோம். ஒரு பக்கம் மட்டும் தாங்கி நின்ற அச்சுகளுக்கு இரண்டு பக்கமும் பேரிங். கீழ்ச் சக்கரங்களின் இருபுறமும் தகடு, செயின் விலகாமலிருக்க. கிலோ கணக்கில் வாங்கிய பழைய செயினைத் தூக்கிப் போட்டோம், கண்ணிகளைக் கோத்திருக்கும் பின் (pin) தேய்ந்த செயின் நீண்டும் போகும், பக்கவாட்டில் பாம்பாகவும் நெளியும். அப்புறம் வராந்தாவில் நெல் சாக்கை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, அதன் மேல்தான் சோதனை.

மார்ச்சில் அடுத்த போட்டி. மூன்று சுற்றிலும் செயின் கழலவேயில்லை. அரையிறுதியில் எங்களைத் தோற்கடித்தது சாதாரண நாலு சக்கர வண்டி, எடை எங்களுடையதில் பாதி.