றாக் கட்டும்போது முதலில் எர்த்

றாக் என்பது கிற்றாரின் சத்தத்தைக் கையாளும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டும் அடுக்கு. கிற்றாருக்கு றாக் அடுக்கப் போகிறேன் என்று சொன்னால், சத்தத்தை முதலில் பெருக்கும் ப்ரீஅம்ப் எது, எதிரொலி போன்றவற்றைச் சேர்க்கும் எபெக்ற் யூனிற் எது என்றுதான் எல்லோரும் முதலில் விசாரிப்பார்கள். வேலை முடியும் தறுவாயில் நின்று சொல்கிறேன்: முதலில் தீர்மானிக்க வேண்டியது எர்த், அதாவது நிலத்தொடுப்பு. எந்தப் பெட்டி எந்த வழியால் எர்த்தைத் தொடுகிறது, ஒன்றுக்கு இரண்டு வழி இருக்கிறதா என்பதை ஒரு தாளில் கீறி வைத்துக்கொண்டு தொடங்கினால் பாதித் தலையிடி குறையும்.

தரையில் வைத்து மிதிக்கும் சின்ன பெடல்களுக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. எல்லாம் ஒரே 9 வோல்ற் சப்ளையில் ஓடும். றாக் அப்படியல்ல. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி மெயின்ஸ் வயர், அதில் தனித்தனி எர்த். அதோடு சத்தத்தைக் கொண்டுபோகும் கேபிளின் வெளிவலையும் ஒரு பெட்டியின் உடம்பை மற்றப் பெட்டியின் உடம்போடு சேர்க்கிறது. பெட்டிகளைப் பூட்டும் இரும்புச் சட்டமும் சேர்க்கிறது. இப்படி வளையம் உருவானால், பக்கத்தில் இருக்கும் ட்ரான்ஸ்போமரின் காந்தப்புலம் அந்த வளையத்துக்குள் மின்னோட்டத்தை உண்டாக்கும். ஸ்பீக்கரில் ஊம் என்று இரையும்.

என் றாக்கில் இருப்பவை இவை. மேலே ஏடிஏ எம்பி-1 ப்ரீஅம்ப். 1987இல் வெளிவந்தது, இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள், மிடி என்ற இசைக்கருவிக் கட்டளை முறை வழியாக மாற்றக்கூடிய 128 சத்த அமைப்புகள். கனடாவில் இருக்கும் மச்சான் ஊருக்கு வந்தபோது உடுப்புகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்து தந்தார். அதற்குக் கீழே டிசி எலெக்ட்ரொனிக் ஜி-மேஜர் எபெக்ற் யூனிற். அடியில், ஸ்பீக்கரை ஓட்ட நானே கட்டிய பவர் அம்ப்.

கனடாவில் இருந்து வரும் சாமானில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அங்கே 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே இலங்கையில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். வோல்ற்றைக் குறைக்கும் ஸ்ரெப்-டவுன் ட்ரான்ஸ்போமர் வைத்தால் சரி என்று விட்டுவிடுகிறோம். வோல்ற் சரியானாலும் ஹேர்ட்ஸ் மாறாது. 60 ஹேர்ட்ஸுக்கென்று சுற்றிய ட்ரான்ஸ்போமருக்கு 50 ஹேர்ட்ஸில் அதே 120 வோல்ற்றைக் கொடுத்தால் அதன் இரும்புக்குள் காந்தப் பாய்ச்சல் 20 சதவீதம் கூடும். கூடுதலாகச் சுடும், கூடுதலாக இரையும். அதனால் 110 வோல்ற் தரும் ஸ்ரெப்-டவுன்தான் நல்லது; கூடுதல் பாதியாகக் குறைந்து 10 சதவீதமாகிவிடும். இன்னொன்று, கடையில் விற்கும் சிறிய ஸ்ரெப்-டவுன்களில் பல ஒற்றைச் சுற்றுக்காரர்கள். உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் ஒரே கம்பியில் தொடுப்பு. வால்வு உள்ள சாமானுக்கு அது எனக்குச் சம்மதமில்லை. இரண்டு தனிச்சுற்று உள்ளதாக, எர்த்தும் ஒழுங்காகக் கடத்துவதாகத் தேடி வாங்கினேன். ஜி-மேஜருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை, 100 முதல் 240 வோல்ற் வரை அது தானே பார்த்துக்கொள்ளும்.

இனி யாழ்ப்பாணத்து எர்த். இங்கே வீட்டு எர்த் என்றால் வளவுக்குள் இறக்கிய ரொட்தான். தரைக்குக் கீழே கொஞ்சம் தோண்டினாலே சுண்ணாம்புக்கல். ரொட் ஆழமாக இறங்க மறுக்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை மண் காய்ந்து கிடக்கும், அப்போது ரொட்டின் தடை ஏறிவிடும். எங்கள் வீட்டில் குளிக்கும் தண்ணீர் ஓடிப் பாயும் வாழையடியில்தான் ரொட் இருக்கிறது. ஈரம் காயாத இடம் என்று அந்தக் காலத்தில் வயரிங் செய்தவர் பார்த்துப் போட்டிருக்கிறார்.

ரொட்டின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயின்ஸ் வயர் ஒரு பெட்டியின் உடம்பில் முட்டினால் 230ஐ 50ஆல் பிரித்து 4.6 அம்பியர்தான் ஓடும். வீட்டு பியூஸ் எரியாது. பெட்டியின் உடம்போ உயிரோடு இருக்கும். அதனோடு கிற்றார் தந்தியும், தந்தியில் உங்கள் கையும். காப்பாற்றுவது, 30 மில்லி அம்பியர் எர்த்துக்குக் கசிந்தாலே விழும் ரிப் சுவிற்ச் மட்டுமே. அதன் ரெஸ்ற் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் றாக்கைப் போடுவேன். இரைச்சலைப் போக்கப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்களை எங்கும் காணலாம். தயவு செய்து கேட்க வேண்டாம். ரொட் நல்லதா கெட்டதா என்பது உயிர்ப் பிரச்சினை. இரைச்சல் றாக்குக்குள்ளேயே தீர்க்க வேண்டிய வேறு பிரச்சினை.

பவர் அம்ப்புக்கு எல்எம்3886 சிப். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 40 வாற்ஸ் அளவு போதும், அறைக்குள் அதுவே அதிகம். சிப்பும் பெரிய கப்பாசிற்றர்களும் கொழும்பு புறக்கோட்டையில் இருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தன. ட்ரான்ஸ்போமரை மட்டும் இங்கேயே சுற்றுவித்தேன். தோட்டத்துக்கு இறைக்கும் தண்ணீர் மோட்டர் எரிந்தால் திரும்பச் சுற்றித் தரும் கடைகளுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை; அந்தக் கைகளுக்குக் கம்பியின் குணம் தெரியும். நான் போன அண்ணை, 1990களில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ ஓட்டிய தலைமுறை. என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"தம்பி, உது மோட்டருக்கில்லையே?"

"இல்லை அண்ணை, அம்ப்ளிபயருக்கு."

"பாட்டுக்கெண்டால் உந்தச் சுத்து காணாது. கூட்டிச் சுத்தினால்தான் இரும்பு இரையாது."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 50 ஹேர்ட்ஸுக்கு வழக்கமான கணக்கு, 45ஐ இரும்பின் நடுக்காலின் குறுக்குப் பரப்பால் பிரிப்பது. 12 சதுர சென்ரிமீற்றர் இரும்புக்கு வோல்ற்றுக்கு 3.75 சுற்று, 230 வோல்ற்றுக்கு 863 வரும். அவர் வோல்ற்றுக்கு 4.25 ஆக்கி 978 சுற்றுப் போட்டார். சுற்றுக் கூடினால் காந்தப் பாய்ச்சல் குறையும், வெளியே கசிவதும் குறையும். மற்றப் பக்கம் 22-0-22 வோல்ற். டயோட்டும் கப்பாசிற்றரும் தாண்டி வந்தபோது மேலே 30, கீழே 30 வோல்ற். சுற்றி முடித்து வார்னிஷ் தோய்த்து வெயிலில் காயவைத்து, கட்டைவிரலால் தட்டிப் பார்த்துத்தான் கையில் தந்தார்.

எல்எம்3886 கட்டுபவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். முதுகில் உலோகம் தெரியும் வகையில் அந்த உலோகம் மைனஸ் சப்ளையோடு தொடுப்பில் இருக்கும். சூட்டை வாங்கும் ஹீற்சிங்குக்கும் அதற்கும் நடுவே மைக்கா தாள் கட்டாயம். பெருக்கம் 10க்குக் கீழே போனால் சிப் நிலையாக நிற்காது. நான் 20 கிலோ ஓம், 1 கிலோ ஓம் தடைகளை வைத்துப் பெருக்கத்தை 21 ஆக்கினேன். 40 வாற்ஸுக்கு எட்டு ஓமில் 18 வோல்ற் வேண்டும். 21ஆல் பிரித்தால் 0.85 வோல்ற் உள்ளே வந்தால் போதும். எபெக்ற் யூனிற் அதை இலகுவாகத் தரும், பிறகு ஏன் பெருக்கத்தைக் கூட்டி இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குவது? எட்டாம் காலில் இருந்து மைனஸ் பக்கம் அரை மில்லி அம்பியராவது போகாவிட்டால் சிப் வாய் திறக்காது. அதில் ஒரு கப்பாசிற்றரைச் சேர்த்தால் சுவிற்ச் போடும்போது வரும் டொக் சத்தமும் போய்விடும். முதல் தரம் கரண்ட் கொடுக்கும்போது 60 வாற்ஸ் குண்டு பல்ப் ஒன்றைத் தொடரில் போட்டேன். பல்ப் ஒரு கணம் மின்னி மங்கியது. மங்காமல் நின்று எரிந்திருந்தால் உள்ளே எங்கோ ஷோர்ட்.

றாக்கின் மரப்பெட்டியை ஓடாவியார் 18 மில்லிமீற்றர் பிளைவூட்டில் செய்தார். றாக்கின் ஒரு யூனிற் உயரம் 44.45 மில்லிமீற்றர், அவருக்கு ஒன்றே முக்கால் அங்குலம் என்று சொன்னதும் வேலை ஓடியது. ஆறு யூனிற்றுக்குப் பத்தரை அங்குலம். முகத்தகட்டின் அகலம் 19 அங்குலம். இரு பக்கச் சட்டங்களுக்கிடையே உள் இடைவெளி 450 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது, இரு பக்கத் துளைகளின் மையத்துக்கு மையம் 465. சட்டத்துக்கு நீளமான ஒரே இரும்பு வைக்கவில்லை. அலுமினியக் கோணத்தை யூனிற் யூனிற்றாக வெட்டி, ஒன்றோடு ஒன்று முட்டாமல் மரத்தில் தனித்தனியாகப் பூட்டினோம். ஓடாவியாருக்கு அது பிடிக்கவில்லை, பலம் காணாது என்றார். பாரத்தைத் தாங்கப் பின்பக்கம் மரத் தாங்கி வைத்ததும் ஒத்துக்கொண்டார். இப்போது எந்தப் பெட்டியின் உடம்பும் சட்டம் வழியாக மற்றதைத் தொடாது. தாளில் இருந்த வளையங்களில் பெரியது அதோடு போய்விட்டது.

அடுக்கும் ஒழுங்கிலும் யோசனை இருக்கிறது. ட்ரான்ஸ்போமர் அடியில் ஒரு மூலை, ப்ரீஅம்ப் உச்சியில், நடுவே ஒரு யூனிற் வெறுமை. சிப் அதிகபட்சம் 23 வாற்ஸ் அளவில் சூடாக உமிழும். சித்திரை வெயிலில் அந்தச் சூடு மேலே போக வழி வேண்டும். மெயின்ஸுக்கு ஒரே ஒரு பலகை. ஸ்ரெப்-டவுனும் அதில்தான் ஏறுகிறது. எல்லா எர்த்தும் அந்த ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

பிறகு ஒவ்வொன்றாகத் தொடுத்துக் கேட்டேன். பவர் அம்ப் தனியே: ஸ்பீக்கர் கூம்பில் காதை வைத்தால் மெல்லிய சீற்றம் மட்டும். ஜி-மேஜர் சேர்ந்தது: அதேதான். எம்பி-1 சேர்ந்ததும் ஊம் என்று வந்தது.

கருவி இல்லாமலே இதைப் பிரித்தறிய நல்ல வழி உண்டு. கிற்றாரின் ஆறாம் தந்தி, மூன்றாம் பிரெட்: ஜி சுரம், 98 ஹேர்ட்ஸ். சப்ளையில் வடிகட்டல் போதாமல் வரும் இரைச்சல் 100 ஹேர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் செக்கனுக்கு இரண்டு தரம் அலைபோல் ஏறி இறங்கும். இரைச்சல் அந்த ஜியை விட ஒரு ஸ்தாயி கீழே நின்றால் அது 50 ஹேர்ட்ஸ். எர்த் வளையம் அல்லது ட்ரான்ஸ்போமரின் கசிவு. எனக்கு வந்தது கீழேதான். ப்ரீஅம்ப்புக்கும் எபெக்ற்றுக்கும் இடைக் கேபிளைக் கழற்றினேன், போய்விட்டது. தாளில் சிவப்பால் வட்டமிட்டிருந்த இடம் அதுவே: எம்பி-1 ஸ்ரெப்-டவுன் வழியாக எர்த்தைத் தொடுகிறது, ஜி-மேஜர் நேரே தொடுகிறது, கேபிளின் வலை இரண்டையும் முடிகிறது.

அந்த இடத்துக்கென்றே 10 கிலோ ஓமுக்கு 10 கிலோ ஓம் ஓடியோ ட்ரான்ஸ்போமர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். சத்தம் காந்தம் வழியாகத் தாண்டும், உடம்புக்கு உடம்பு கம்பித் தொடுப்பு இல்லை. கேபிள் வலையை எபெக்ற் பக்கம் மட்டும் பூட்டினேன். இப்படியான சின்ன ட்ரான்ஸ்போமர்கள் அடிச்சத்தத்தைத் தின்னும் என்று ஒரு குறை சொல்வார்கள். பேஸ் கிற்றாருக்கு அது பொருந்தலாம். சாதாரண கிற்றாரின் கடைசிச் சுரம் 82 ஹேர்ட்ஸ்தான். என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஊம் சத்தம் கிட்டத்தட்ட நின்றது. பவர் அம்ப்பின் ட்ரான்ஸ்போமரை அதன் இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தபோது மிச்சம் இருந்ததும் குறைந்தது. கால்வாசி திருப்பத்தில் ஒரு இடத்தில் கசிவு கிட்டத்தட்டக் காணாமல் போகும், அங்கே பிடித்துப் பூட்ட வேண்டும்.

இன்னொரு சத்தம் மிஞ்சியது. வண்டு குடைவதுபோல் கூர்மையான ர்ர்ர். காற்றாடியை முழு வேகத்தில் விட்டதும் நின்றது, அப்போதே விளங்கிவிட்டது. சுவரில் இருந்த எலெக்ட்ரொனிக் ரெகுலேற்றர் கரண்ட்டை வெட்டி வெட்டிக் கொடுப்பதால் வரும் சத்தம். காற்றாடியை நிறுத்திவிட்டு இங்கே கிற்றார் வாசிக்க முடியாது. கப்பாசிற்றர் வகை ரெகுலேற்றராக மாற்றினேன், தீர்ந்தது.

எபெக்ற் ஒழுங்கு பற்றிச் சுருக்கமாக: எல்லாம் தொடரில்தான் ஓடுகிறது. டிஜிற்றல் பெட்டியைப் பக்கவாட்டில் போட்டு நேர்ச் சத்தத்தோடு கலக்கும் முறையும் இருக்கிறது. அதில் பெட்டி தன் வழியாக விடும் நேர்ச் சத்தத்தை முழுதாக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரிரு மில்லிசெக்கன் பிந்தி வரும் பிரதி அசலோடு மோதிச் சத்தம் குழாய்க்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். அதற்கு ஒரு சின்ன மிக்சர் வேண்டும், வெறுமையாக விட்ட யூனிற் அதற்குத்தான்.

இப்போது கையில் இருப்பது காலால் மிதித்து அமைப்புகளை மாற்றும் மிடி பலகை. ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் அதற்கு நிரல் எழுதியிருக்கிறேன். மிடி செக்கனுக்கு 31,250 பிற் ஓடும். அமைப்பை மாற்றும் கட்டளை இரண்டு பைற், தொடக்க முடிவு பிற்களோடு 20 பிற், ஆக 0.64 மில்லிசெக்கன். ஒரே மிதியில் எம்பி-1 கடும் டிஸ்ரோர்ஷனுக்குப் போக, ஜி-மேஜர் டிலேயைத் திறக்கிறது. 1983இல் மிடியை வகுத்தவர்கள் எர்த் வளையத்தை முன்கூட்டியே யோசித்திருப்பதுதான் எனக்கு மிகப் பிடித்த விஷயம். வாங்கும் பக்கத்தில் ஒப்ரோகப்ளர்; கட்டளை ஒளியாகத் தாண்டுகிறது. கேபிளின் வலையை அனுப்பும் பக்கத்தில் மட்டும் இரண்டாம் பின்னில் பூட்டச் சொல்லியிருக்கிறார்கள், வாங்கும் பக்கத்தில் அது வெறுமை. அதனால் பலகையை இணைத்தபோது றாக்கில் ஒரு சொட்டு இரைச்சலும் கூடவில்லை.

பலகைக்கு மேல்தகடு வெட்டிச் சுவிற்ச்களுக்குத் துளை போட வேண்டியிருக்கிறது. மாரி தொடங்குமுன் பின்பக்க ஜாக்குகள் எல்லாவற்றையும் கொன்ராக்ற் கிளீனரால் துடைத்து, பாவிக்காத துளைகளுக்கு மூடி போட வேண்டும். கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்க அதிக காலம் எடுக்காது. அதற்குப் பிறகு மிக்சர்.