பழைய பெயரைத் துரத்திய கதை

சட்டப்படி பெயரும் பாலினமும் மாறி, புது அடையாள அட்டை கைக்கு வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். அட்டை வந்த மறுநாளிலிருந்து என்ன செய்வது என்று எழுதியவர்கள்தான் என் கண்ணில் படவில்லை. நான் மென்பொருள் வேலையில் இருக்கும் திருநங்கை. மின்னஞ்சல், வங்கி, பழைய நிரல்கள், ஆய்வுக் கட்டுரை, சொந்தக்காரர்களின் போன் என்று பார்த்த இடமெல்லாம் பழைய பெயர் கிடந்தது. அதை எப்படி அப்புறப்படுத்தினேன், எங்கே விட்டுவிட்டேன் என்பதுதான் இது.

முதலில் செய்தது, எல்லாக் கணக்குகளையும் ஒரு தாளில் எழுதி, எதில் பெயரை மாற்றுவது, எதை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவது என்று பிரித்தது. பெயரை மாற்றினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் ஒரு சமூக ஊடகக் கணக்கில் பெயரை மட்டும் மாற்றினால், அந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்பதற்கு அந்தக் கணக்கே சாட்சியாகிவிடும். பழைய பதிவுகளுக்குக் கீழே நண்பர்கள் பழைய பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்படியே நிற்கும். சில தளங்களில் பழைய பயனர்பெயரின் முகவரியைத் தட்டினால் அதுவே புதுப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும். ஆகவே வேலை, படிப்பு, பணம் சம்பந்தப்பட்டவற்றில் மட்டும் மாற்றினேன். பொழுதுபோக்குக் கணக்குகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு மூடினேன். புதிதாகத் தொடங்கியவற்றுக்குப் புது மின்னஞ்சல், புது எண். கணக்கு திறக்கும்போது தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்கும், அங்கே மறுத்துவிட வேண்டும். அனுமதித்தால் 'உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்' என்று யாரிடமெல்லாம் நம்மைக் காட்டும் என்பது நம் கையில் இல்லை.

வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்ற வசதியை நான் தொடவில்லை. அது நாம் இருக்கும் குழுக்களுக்கெல்லாம் இன்னார் எண் மாற்றிவிட்டார் என்று தானே அறிவித்துவிடும். எனக்கு அந்தத் தண்டோரா தேவையில்லை. புது எண்ணில் புதுக் கணக்கைத் திறந்து, வேண்டியவர்களுக்கு மட்டும் நானே செய்தி அனுப்பினேன்.

பழைய எண்ணை உடனே தூக்கிப் போடாதீர்கள். பல கணக்குகளின் ஓடிபி அதற்குத்தான் வரும். நீங்கள் கைவிட்ட எண் சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். அவர் கையில் உங்கள் கணக்கின் சாவி போய்ச் சேரும். முக்கியமான கணக்குகளையெல்லாம் குறுஞ்செய்தி ஓடிபியிலிருந்து சரிபார்ப்புச் செயலிக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ணை விட்டேன். கணக்கு மீட்புக்கான மின்னஞ்சல் எது என்றும் ஒவ்வொன்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வங்கிதான் அதிகம் சோதித்தது. கிளையில் பெயர் மாறிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு வங்கி அட்டை விஷயமாக வங்கியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பிறந்த தேதி, முகவரி, கடைசிப் பரிவர்த்தனை எல்லாம் சரியாகச் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

"மேடத்தைப் பேசச் சொல்லுங்க சார்."

"நான்தாங்க பேசறேன்."

"கணக்கு வச்சிருக்கவங்கதான் பேசணும் சார். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

கணக்கை முடக்கிவிட்டார்கள். அவரைத் திட்டிப் புண்ணியமில்லை. மோசடியைத் தடுக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார். திரையில் பெண் என்று இருக்கிறது, காதில் ஆண் குரல் கேட்கிறது. குரலை அடையாளமாக வைத்துக்கொண்டால் எங்களில் பாதிப்பேர் எங்கள் பணத்துக்கே அந்நியர்தான். கிளைக்கு நேரில் போய், தொலைபேசிச் சரிபார்ப்புக்குக் குரலைப் பொருட்படுத்தாமல் தனிக் கடவுச்சொல் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அது பதிவேட்டில் ஏறியதா என்பதை அங்கேயே நின்று திரையில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். முடிந்தவரை இப்போது செயலியின் உள்ளே இருக்கும் அரட்டையிலேயே வேலையை முடித்துக்கொள்கிறேன்.

சட்டப்படி பெயர் மாறாதவர்களுக்கு ஒரு தகவல். 2019-இல் மாஸ்டர்கார்டு 'ட்ரூ நேம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒருவர் தனக்கென வைத்துக்கொண்ட பெயரை அட்டையில் அச்சிடலாம். ஆனால் அட்டை தரும் வங்கி அதில் சேர்ந்திருக்க வேண்டும். கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

இந்த வேலையிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது சான்றுகள்தான். பழைய பெயர் வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத்தான் மாற்றச் சொல்கிறோம். மாற்ற வேண்டுமானால் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்திருக்கும் ஆவணத்தைப் பதிவேற்றச் சொல்கிறார்கள். ஒரு உணவு விநியோகச் செயலி, ஒரு புத்தகக் கடை, ஒரு உடற்பயிற்சிக் கூடம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே போனால், நான் திருநங்கை என்று எழுதிய காகிதம் அத்தனை சர்வரிலும் உட்கார்ந்திருக்கும். அதில் ஒன்று கசிந்தால் போதும். ஆகவே சான்று கேட்டவர்களிடம் முதலில் 'எதற்கு' என்று கேட்டேன். எழுத்துப்பிழைத் திருத்தம் போல என்னையே மாற்றிக்கொள்ள விட்டவர்கள் பலர். அடையாளச் சான்று இல்லாமல் முடியாது என்று நின்ற சில்லறை நிறுவனங்களில் கணக்கையே மூடிவிட்டேன். உண்மையிலேயே தேவைப்படும் இடங்களுக்கு, ஆவணத்தில் வேண்டாத எண்களை மறைத்து, குறுக்கே 'இன்ன நிறுவனத்தில் பெயர் திருத்தத்துக்கு மட்டும்' என்று தேதியோடு எழுதி அனுப்பினேன். மறைக்கும்போது பிடிஎஃப்பின் மேல் கறுப்புப் பெட்டி போட்டால் சில மென்பொருள்களில் அடியில் இருக்கும் எழுத்தை அப்படியே நகலெடுக்கலாம். படமாக மாற்றி மறைப்பதே பத்திரம். வேலை முடிந்ததும் நகலை அழித்துவிட்டதாக எழுத்தில் பதில் வாங்கினேன். மருத்துவச் சான்று கேட்டவர்களுக்கு அதைக் கொடுக்கவே இல்லை. பெயர் மாற்ற என் உடம்பைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

இப்படி வாதாட எனக்குத் துணையாக இருந்தவை இரண்டு தீர்ப்புகள். இரண்டும் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் 2025-இல் வந்தவை. ஜனவரி 9 அன்று வந்தது பிரான்ஸ் ரயில் பயணச்சீட்டு விவகாரம்: சீட்டு வாங்குபவர் திருவா திருமதியா என்று கட்டாயம் கேட்பது பயண ஒப்பந்தத்துக்கு இன்றியமையாதது அல்ல என்றது நீதிமன்றம். மார்ச் 13 அன்று வந்தது ஹங்கேரியில் அகதியாக இருந்த ஈரானியர் ஒருவரின் வழக்கு. அவர் திருநம்பி, பதிவேட்டில் பெண் என்று இருந்தது. ஜிடிபிஆர் என்ற ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு தரும் திருத்த உரிமையின்படி அதைச் சரிசெய்ய வேண்டும், அறுவை சிகிச்சை செய்ததற்குச் சான்று கேட்கக் கூடாது என்று தீர்ப்பு. ஐரோப்பாவுக்கு வெளியே இது சட்டமாகக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும்போது இந்த வரிகளைச் சேர்த்தேன். தனியுரிமை அதிகாரியின் மேசைக்குக் கடிதம் சீக்கிரம் போகிறது.

அழைப்பவர் பெயர் காட்டும் செயலிகள் வேறு ரகம். நாம் அதில் கணக்கே வைத்திருக்க வேண்டாம். நம் எண்ணைச் சேமித்து வைத்திருக்கும் யாரோ தம் தொடர்புகளைப் பகிர்ந்தால் போதும், அவர் வைத்த பெயரே ஊருக்கெல்லாம் காட்டும். எண்ணை நீக்கக் கோரும் படிவம் இவற்றில் இருக்கும், நிரப்பினேன். ஆனால் ஊற்று அங்கே இல்லை, வீட்டில் இருக்கிறது. சித்தியிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். "எனக்கு அதெல்லாம் மாத்தத் தெரியாதும்மா, நீயே மாத்திக் குடு" என்று போனை நீட்டினார். பெயரை அடித்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "வெறும் பேரு போட்டா எனக்குத் தெரியாது, 'அக்கா பொண்ணு'ன்னு சேத்துப் போடு" என்றார். போட்டேன். மற்றவர்களுக்குப் போனில் சொன்னதைவிட, இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றியது நன்றாக வேலை செய்தது.

வேலை சார்ந்தவை இனி. நிரலில் யார் எதை மாற்றினார் என்ற வரலாற்றை வைத்திருக்கும் மென்பொருள் கிட். அதில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கமிட் என்று பெயர்; அதற்கென்று உருவாகும் தனிக் குறியீடான ஹாஷில் எழுதியவர் பெயரும் கலந்திருக்கிறது. பழைய கமிட்டில் பெயரை மாற்றினால் அதற்குப் பின்னால் வரும் எல்லா ஹாஷும் மாறிவிடும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நான் எந்த மின்னஞ்சலுக்கு எந்தப் பெயரைக் காட்ட வேண்டும் என்று கிட்டுக்குச் சொல்லும் மெயில்மேப் கோப்பைப் பயன்படுத்தினேன். அதில் பழைய மின்னஞ்சலை மட்டும் கொடுத்துப் புதுப் பெயரோடு இணைக்கலாம், பழைய பெயரை எழுத வேண்டியதில்லை. காட்சியில் பெயர் மாறும், வரலாற்றின் உள்ளே இருப்பது அங்கேயே இருக்கும். அதோடு திருப்திப்பட்டுக்கொண்டேன். வேர்ட் கோப்புகளில் ஆசிரியர் என்று இருக்கும் பண்பு, மடிக்கணினிக்கும் ஹெட்போனுக்கும் எப்போதோ வைத்த பெயர், இவற்றையும் பாருங்கள். அலுவலகக் கூட்ட அறையில் ப்ளூடூத் பட்டியலைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான்.

ஆய்வுக் கட்டுரையில் எதிர்பாராத நல்லது நடந்தது. முன்பெல்லாம் பெயர் மாற்றினால் 'திருத்தம்' என்று தனி அறிவிப்பு போடுவார்கள். மறைக்க நினைத்ததை அதுவே விளம்பரம் செய்யும். 2020 வாக்கில் அமெரிக்கன் கெமிக்கல் சொசைட்டி, வைலி முதலிய ஆய்விதழ்ப் பதிப்பாளர்கள் அறிவிப்பு இல்லாமலே மாற்றித் தரும் கொள்கைக்கு வந்தார்கள். என் பதிப்பாளரும் அப்படியே மாற்றித் தந்தார். ஆய்வாளர்களுக்குத் தனி அடையாள எண் தரும் ஆர்கிட் தளத்தின் கணக்கில் பழைய பெயரை 'எனக்கு மட்டும்' என்று வைக்கும் வசதி இருக்கிறது. ஏற்கெனவே தரவிறக்கப்பட்ட பிரதிகளையும், பிறர் மேற்கோள் பட்டியல்களையும் ஒன்றும் செய்ய முடியாது. பக்கம் மாறிய பிறகும் தேடலில் பழைய வாசகமே வந்தால், காலாவதியான உள்ளடக்கத்தைப் புதுப்பிக்கக் கேட்கும் கருவி கூகுளில் இருக்கிறது. அதில் அடையாளச் சான்று எதுவும் கேட்பதில்லை என்பதே எனக்குப் பிடித்தது.

பழைய மின்னஞ்சலை மட்டும் இன்னும் மூடவில்லை. எப்போதாவது அதில் ஒரு கடிதம் வந்து விழும். யார் அனுப்பியது என்று பார்த்தால், பழைய பெயர் இன்னும் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசியாக வந்தது, என்றோ போன ஒரு மாநாட்டின் அஞ்சல் பட்டியல். நீக்கச் சொல்லி எழுதினேன்; புகைப்பட அடையாள அட்டை அனுப்பச் சொல்கிறார்கள். ஒரு அஞ்சல் பட்டியலில் இருந்து விலக அட்டை எதற்கு என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.