ஹெட்போன் பையனும் எங்கள் வீட்டு நீதிபதிகளும்

நவம்பர் 4, 2025, செவ்வாய்

சாப்பிட்ட கையோடு மூன்று பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் இது அதிசயம். வழக்கமாக ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு மூலை. அலுவலகத்தில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதமாக நச்சரித்த தொடர், 'எஜுகேட்டிங் யார்க்‌ஷயர்'. 2013-இல் பிரிட்டனின் சேனல் ஃபோரில் வந்தது, மொத்தம் எட்டுப் பகுதி. மேற்கு யார்க்‌ஷயரில் ட்யூஸ்பரி என்ற ஊர், அங்கே தார்ன்ஹில் என்ற உயர்நிலைப் பள்ளி. நடிகர் கிடையாது, எழுதிவைத்த கதை கிடையாது. பிள்ளைகள், வாத்தியார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் பேசிய ஆங்கிலம் முதல் பத்து நிமிடம் ஆங்கிலமாகவே தெரியவில்லை. சப்டைட்டில் போட்ட பிறகுதான் வீட்டில் அமைதி.

பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு வரும் ஒரு பெண்ணைக் கண்டதும் என் மனைவி தீர்ப்பு எழுதிவிட்டாள். "திமிரு. இது வெளங்காது." மகள் (பத்தாவது படிக்கிறாள்) உடனே, "ஏம்மா, புருவம் வரைஞ்சா திமிரா? நீ மை வைக்கல?" பகுதி முடிவதற்குள் மனைவியே "பாவம், நல்ல புள்ளதான்" என்றாள். ஒரு மணி நேரத்துக்குள் தீர்ப்பும் ஆச்சு, மேல்முறையீடும் ஆச்சு.

நவம்பர் 5, புதன்

இன்று இரண்டு பகுதி. மகளுக்கு ஒரே சந்தேகம்: "கேமரா மூஞ்சிக்கு முன்னாடி இருக்கும்போது யாருப்பா இப்படி இயல்பா அழுவா?"

தேடிப் படித்துச் சொன்னேன். இதில் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு யாரும் திரிவதில்லை. சுவரிலும் கூரையிலும் அறுபதுக்கு மேற்பட்ட கேமராக்களைப் பொருத்திவிடுகிறார்கள். படக்குழு வேறொரு அறையில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, எந்தக் கேமரா, யாருடைய மைக் என்று தேர்ந்தெடுத்துப் பதிவு செய்கிறது. 2011-இல் ஹார்லோ நகரத்துப் பள்ளி ஒன்றில் எடுத்த 'எஜுகேட்டிங் எஸ்ஸெக்ஸ்'தான் இந்த வரிசையில் முதல். நாலு நாளில் பிள்ளைகள் கேமராவை மறந்துவிடுவார்கள் என்பது கணக்கு.

"சட்டையில குத்துன மைக்கையுமா மறப்பாங்க?" என்றாள். பதில் இல்லை என்னிடம்.

நவம்பர் 8, சனி

மச்சான் வந்திருந்தார். பள்ளி ஆசிரியர், இருபது வருட சர்வீஸ். அவரோடு சேர்ந்து இந்தத் தொடரைப் பார்ப்பது டாக்டரோடு உட்கார்ந்து ஆஸ்பத்திரி சினிமா பார்ப்பது மாதிரி. ஒரு காட்சி விடமாட்டார்.

"ஒரு பையன் கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டான்னா அவன் பின்னாடியே போய்ப் பேச ஆள் இருக்கு பாருங்க. தனி ரூம் இருக்கு. நான் பின்னாடி போனா மிச்சப் பிள்ளைங்கள யாரு பாக்குறது?" என்றார். அப்புறம், "இது மொத்தமும் அந்த ஸ்கூலுக்கு விளம்பரம் மாப்ள. நிஜமான அடிதடி எல்லாத்தையும் கத்தரிச்சிருப்பான்."

அடிதடியும்தான் காட்டுகிறார்களே என்று மகள் சண்டைக்குப் போனாள். அவருடைய குறை அதுவல்ல என்று எனக்குப் பட்டது. தலைமையாசிரியர் ஒரு பையனை எதிரில் உட்காரவைத்து, குரலை உயர்த்தாமல் பத்து நிமிடம் பேசிய காட்சி வந்தபோது மச்சான் வாயே திறக்கவில்லை. டம்ளரில் ஆறிப்போன காபியைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவம்பர் 9, ஞாயிறு

கடைசிப் பகுதி. பக்கத்து சீட்டுக்காரர் "கர்ச்சீப் எடுத்து வெச்சுக்க" என்று மட்டும் சொல்லியிருந்தார். விஷயம் என்னவென்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தனியாகப் பார்த்திருப்பேன்.

பதினாறு வயதுப் பையன். கடுமையாகத் திக்குகிறது. ஆங்கிலத் தேர்வில் வாய்மொழிப் பகுதி ஒன்று இருக்கிறது, பேசியே ஆகவேண்டும். பர்ட்டன் என்கிற ஆங்கில ஆசிரியர் அவனோடு உட்கார்ந்து பயிற்சி கொடுக்கிறார். வார்த்தை வரவில்லை. திக்குவாய் அரசரைப் பற்றிய 'தி கிங்ஸ் ஸ்பீச்' படத்தில் வரும் ஒரு வேலை அவருக்கு ஞாபகம் வருகிறது. பையன் காதில் ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டு, இப்போது படி என்கிறார். படிக்கிறான். சொல் சொல்லாக, கோர்வையாக வருகிறது. அப்புறம் பள்ளியை விட்டுப் போகிற மாணவர்களின் கடைசிக் கூட்டத்தில், அதே ஹெட்போனோடு எல்லோர் முன்னாலும் நின்று நன்றி சொல்கிறான். அரங்கமே அழுகிறது.

எங்கள் வீட்டிலும் அழுகை. மனைவி முந்தானையை எடுத்துவிட்டாள். மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணாடியில்தான் ஏதோ தூசு என்பதுபோல. மகள் என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். சுத்தமாக இருந்த இரண்டு டம்ளரையும் சேர்த்துத் தேய்த்தேன்.

நவம்பர் 10, திங்கள், விடியற்காலை

தூக்கம் பிடிக்கவில்லை.

எனக்கும் திக்கும். இதைப் படிப்பவர்களில் என்னை நேரில் தெரிந்தவர்களுக்கு இது செய்தியல்ல. மற்றவர்களுக்கு இப்போது சொல்கிறேன். எழுத்தில் திக்காது என்பதால்தான் இந்த நாட்குறிப்பே.

பள்ளியில் என் வருகை எண் 23. பதினெட்டு வரும்போதே மூச்சைச் சேர்க்க ஆரம்பிப்பேன். "உள்ளேன் ஐயா." அந்த முதல் 'உ' இருக்கிறதே, அது தொண்டையில் கதவைச் சாத்திக்கொள்ளும். உதடு குவிந்து நிற்கும், சத்தம் வராது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எனக்காகவும் சேர்த்து ஒரு "உள்ளேன் ஐயா" போட்டுவிடுவான். பாதி வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் வாத்தியார் நிமிர்ந்து பார்த்துவிட்டார். "ஏண்டா, ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா?" இரண்டு பேருக்கும் வகுப்புக்கு வெளியே நிற்கிற தண்டனை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. வெளியே நிற்பவனை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

ஆனால் எல்லோரும் சேர்ந்து செய்யுள் ஒப்பிக்கும்போது என் குரல்தான் கணீரென்று கேட்கும். பாடும்போதும் திக்காது. திக்குகிற பெரும்பாலோருக்கு இது அப்படித்தான். காதில் சத்தத்தை நிரப்பி, தன் குரல் தனக்கே கேட்காமல் செய்தாலும் பலருக்குத் திக்கல் குறைகிறது. 1970-களிலேயே எடின்பரோ மாஸ்கர் என்று ஒரு கருவி வந்தது. தொண்டையில் ஒரு மைக், நாம் பேசத் தொடங்கியதும் காதில் ஒரு இரைச்சல். கழற்றி வைத்தால் பழைய குருடி கதவைத் திறடி.

அதனால்தான் நேற்று எனக்கு எரிச்சல். ஹெட்போனின் மேல் அல்ல, அந்த ஆசிரியர் மேலும் அல்ல. "ஒரே நாள்ல சரியாயிடுச்சு பாருங்க!" என்று மனைவி சொன்னாளே, அதன் மேல். பார்த்தவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். சரியாகவில்லை. அடுத்த ஆண்டு, 2014-இல், அதே சேனல் அந்தப் பையனைப் பற்றியே தனியாக ஒரு ஆவணப்படம் எடுத்தது. திக்குபவர்களுக்கான பயிற்சி வகுப்பில் அவன் சேர்ந்து படிப்பதைப் பற்றியது. சரியாகியிருந்தால் வகுப்பு எதற்கு? அழுத கணக்கில் அந்த இரண்டாவது படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நானும் அதை இன்னும் பார்க்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 13, வியாழன்

மகள் மெல்ல வந்து கேட்டாள். "உனக்கு யாராச்சும் இப்படி ஹெட்போன் குடுத்தாங்களாப்பா?"

யாரும் தரவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரன் கதையைச் சொன்னேன். சிரித்தாள். அப்புறம் அவள் கேட்டதுதான் இரண்டு நாளாக மண்டையில் சுற்றுகிறது: "அவன் அப்போ சரின்னு சொல்லியிருப்பான். அவங்க அப்பா அம்மாவும் கையெழுத்துப் போட்டிருப்பாங்க. இப்போ அவனுக்கு வயசு என்ன, இருபத்தெட்டா? இன்னமும் புதுசா ஒருத்தர பாக்கும்போது, 'நீதானே அந்த ஹெட்போன் பையன்'னு கேப்பாங்கல்ல?"

அவன் பின்னாளில் மேடையேறிப் பேசுகிறவனாகவே ஆனான், அதனால் வருத்தம் இருக்காது என்றேன். "அந்தப் புருவம் வரைஞ்ச அக்காவுக்கு?" என்றாள்.

இங்கே அந்தப் பையனின் பெயரை நான் எழுதாததற்கு அவள்தான் காரணம். தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். இருந்தாலும்.

படம் எடுக்கும் உரிமையைப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் ஹைலண்ட் பார்க் உயர்நிலைப் பள்ளியில் ஆர்.ஜே. கட்லர் எடுத்த 'அமெரிக்கன் ஹை'. பதினான்கு மாணவர்கள். படக்குழு எடுத்தது ஒருபுறம் இருக்க, அவர்கள் கையிலும் கேமராவைக் கொடுத்து, அறைக்குள் தனியாக உட்கார்ந்து பேசி எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். வீடியோ நாட்குறிப்பு. 2000 ஆகஸ்டில் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஆள் சேரவில்லை என்று சில வாரங்களிலேயே தூக்கிவிட்டார்கள். அதே கோடையில்தான் தீவில் ஆட்களை விட்டு ஒவ்வொருவராக வெளியேற்றும் 'சர்வைவர்' அமெரிக்காவையே கட்டிப்போட்டிருந்தது. பிறகு பி.பி.எஸ். என்ற பொதுத் தொலைக்காட்சி எடுத்து 2001-இல் முழுவதையும் ஒளிபரப்ப, எம்மி விருதும் கிடைத்தது. தன் கதையைத் தானே சொல்லும் பிள்ளையைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை, விருது மட்டும் வந்தது. மகளிடம் சொன்னதற்கு, "இப்போ எல்லாரும் அதத்தான பண்றாங்க" என்று போனைக் காட்டினாள். அதுவும் சரிதான்.

நவம்பர் 16, ஞாயிறு

மச்சான் போன். குரலில் சுரத்தே இல்லை. அவர் வகுப்பில் திக்கிப் பேசும் பையன் ஒருவன் இருக்கிறானாம். வெள்ளிக்கிழமை தன் ஹெட்போனைக் கொண்டுபோய், வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவன் காதில் மாட்டி, "இப்ப படி" என்றிருக்கிறார். பையன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றானாம். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

"நல்லதுதான மாப்ள நெனச்சேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் இன்னும் அதிகமாகத் திக்கும், அதனால் சொல்ல வந்ததைச் சொல்ல நேரமானது. அவர் இடையில் புகவில்லை, அதற்கு நன்றி. நான் சொன்னது இதுதான்: அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள், ஹெட்போனைப் பார்க்காதீர்கள். முதலில் அது நடந்தது கூட்டத்துக்கு முன்னால் இல்லை. வகுப்பறையில் அவர், அந்தப் பையன், அவ்வளவுதான். வேலை செய்யாவிட்டாலும் வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது. (கேமரா இருந்தது. அது வேறு பேச்சு.) அவன் மேடையேறியது அதற்குப் பிறகு.

"அப்ப நான் என்ன பண்றது?"

"அவன் பேசி முடிக்கிற வரைக்கும் சும்மா இருங்க மச்சான். மூஞ்சிய மாத்தாம."

நீண்ட நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இல்லை, சும்மா இருந்து பழகுகிறார்.

நவம்பர் 18, செவ்வாய்

மனைவியிடம் ஒன்று சொல்லவேண்டும், பத்து நாளாகத் தள்ளிப்போடுகிறேன். பத்தொன்பது வருடமாக என் வாக்கியங்களை அவள்தான் முடித்துவைக்கிறாள். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவள் முடிக்கும் வாக்கியம் சில சமயம் நான் தொடங்கியது இல்லை. ஒருமுறை துணிக்கடையில் "நீ... நீ..." என்று நின்றேன். "நீலம்" என்று அவள் முடித்துவிட்டாள். "நீங்க எடுத்த பழுப்பு நல்லாருக்கு" என்று சொல்ல வந்தேன். மறுத்துப் பேச இன்னும் மூன்று நிமிடம் ஆகும் என்பதால் நீலமே வாங்கிக்கொண்டேன். அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

நவம்பர் 22, சனி

2014 படத்தை நேற்று ராத்திரி தனியாகப் பார்த்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள்.

யார்க்‌ஷயர் பள்ளிக்கே திரும்பப் போய் இந்த ஆண்டு புதுத் தொடர் எடுத்திருக்கிறார்கள். அன்றைய ஆங்கில ஆசிரியர் பர்ட்டன்தான் இப்போது அங்கே தலைமையாசிரியர். பன்னிரண்டு வருடம் அவர் முகத்தில் தெரிகிறது. இன்று சாயங்காலம் தொடங்கினோம். மச்சானும் வந்தார். அந்தப் பையன் புதன்கிழமை முதல் வருகிறானாம், அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஏழாவது நிமிடத்தில் ஒரு பெண் திரையில் வந்தாள். மனைவி வாயைத் திறந்தாள்.

"அம்மா," என்றாள் மகள், "முழுசா முடியட்டும்."

"நான் ஒண்ணும் சொல்லலியே. முடி நல்லா பின்னியிருக்காளேன்னு பாத்தேன்."

"அத... அ..." என்றேன் நான்.

"அதான், திமிருன்னு சொல்ல வந்தா," என்று மச்சான் முடித்துவைத்தார்.

நான் சொல்ல வந்தது அதைத்தான். அதுதான் கடுப்பு.