என் முகத்தை வாசித்த பையன்

தொடக்கப் பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளோடு உட்காருவதுதான் என் வேலை. வகுப்பாசிரியர்கள் பட்டியல் கொடுப்பார்கள். மூன்று நான்கு பேராக என் அறைக்கு வருவார்கள். பட்டியலில் முக்கால்வாசிப் பெயருக்கு எதிரே ஒரே குறிப்பு: ‘கவனம் இல்லை’. அதை நம்பி வேலையைத் தொடங்கினால் பாதி வருஷம் வீண் என்பது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிற பிள்ளைக்கும் அதே குறிப்புதான், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் அதே குறிப்புதான். கண்ணையும் காதையும் பரிசோதித்தாயிற்றா என்பதே இப்போது என் முதல் கேள்வி.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். வாசிப்பு நேரம் வந்தால் அவனுக்குத் தாகம் எடுக்கும். தண்ணீர் குடிக்க விடவில்லை என்றால் பென்சில் உடையும். அதற்கும் மசியவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவன் அலறுவான், கிள்ளியிருப்பான். ஒரு நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். தனக்கு முன்னால் எத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்று உதடு அசையாமல் எண்ணினான். இரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது பென்சில் முனையை மேசையில் வைத்து அழுத்தினான். எண்ணத் தெரிகிறது, திட்டம் போடத் தெரிகிறது, நேரம் பார்த்துச் செய்யவும் தெரிகிறது. இவனுக்குத்தான் கவனம் இல்லையாம்! வாசிக்கத் தெரியாதவன் என்ற பெயரைவிடக் குறும்புக்காரன் என்ற பெயர் தேவலை என்று அவன் முடிவு செய்திருந்தான். அந்த வயதில் நானும் அதையே செய்திருப்பேன்.

“வீட்டுல கடகடன்னு படிக்கிறான் டீச்சர்” என்றார் அவன் அப்பா. அவர் சொன்னது பொய்யில்லை. பாடம் முழுக்க மனப்பாடம். நடுவரியில் ஒரு சொல்லில் விரலை வைத்து ‘இது என்ன?’ என்று கேட்டால், முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே அந்த இடத்துக்கு வந்து சேர்வான்.

சரி, எழுத்திலிருந்து தொடங்குவோம் என்று உட்கார்ந்தேன். உயிரும் மெய்யும் வரிசையாகச் சொன்னான். சிக்கல் கொம்பில் இருந்தது. ‘கொடி’ என்ற சொல்லைப் பெரியவர்கள் ஒரே பார்வையில் விழுங்கிவிடுகிறோம். அவன் கண்ணால் பாருங்கள்: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். எழுத்தில் முன்னால் நிற்கிற கொம்பு ஒலியில் பின்னால் வருகிறது. போதாததற்கு அந்தப் பக்கம் ஒரு கால் வேறு சேர்ந்து எல்லாமாக ஒரே ஒலி. அவன் ‘கெ’ என்றான், அடுத்து ‘கா’ என்றான், அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில்தான் நான் ஏமாந்தேன். “கொட்டு?” என்பான். என் புருவம் லேசாக ஏறும். “கொடு?” கொஞ்சம் இறங்கும். “கொடி!” நான் சிரித்துவிடுவேன். நன்றாக முன்னேறுகிறான் என்று இரண்டு மாதம் குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு நாள் தொண்டை கட்டியிருந்ததால் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ஒரு சொல்கூட அவனுக்கு வரவில்லை. இரண்டு மாதமாகப் பையன் என் முகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான், சரளமாக.

கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதினார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதும் அவர் கண்டதுதான். படித்தபோது சுலபமாகத் தெரிந்தது. தடுமாறும் பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து மூன்று விநாடி வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். நான் மேசைக்கு அடியில் விரலை மடக்கி எண்ணினேன். முகத்தையும் அடக்க முடியாததால் எதிரில் உட்காருவதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் புத்தகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

பாடநூலையும் கொஞ்ச நாள் மூடி வைத்தேன். முதல் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மூன்றாம் வகுப்புப் பையன் கூசிப்போகிறான். அவனையே பேசச் சொன்னேன். அவன் சொன்னபடியே எழுதினேன். “சைக்கிள் செயின் கழண்டுச்சு. நானே மாட்டினேன். கை கறுப்பாச்சு.” மூன்று வரி, அவன் பேச்சு, அவன் வீரம். அந்தத் தாளை அன்றைக்கு நாலு தடவை வாசித்தான். இதுவும் மனப்பாடம்தானே என்று கேட்கலாம். அதற்காகத்தான் மறுநாள் சொற்களைக் கத்தரித்துக் கலைத்துப் போட்டேன்.

கணக்கில் கதை வேறு. 42-லிருந்து 17 போனால் 35 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதற்குள் அடுத்த கணக்கையும் பார்த்தேன்: 53-லிருந்து 28 போனால் 35. தப்பிலும் ஓர் ஒழுங்கு. பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று எப்போதோ யாரோ சொல்லிக்கொடுத்ததை ஒவ்வோர் இலக்கத்திலும் விசுவாசமாகக் கடைப்பிடித்திருக்கிறான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொடுத்து, 42-லிருந்து 17-ஐ எனக்குத் தா என்றேன். கையில் இரண்டு உதிரிதான் இருந்தது. கொஞ்ச நேரம் கட்டையே முறைத்துப் பார்த்தவன், “இதைப் பிரிக்கலாமா டீச்சர்?” என்றான். கடன் வாங்குவது என்றால் என்னவென்று அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கூடவே வருகிற நாலாம் வகுப்புப் பெண்ணுக்கு வாசிப்பு ஓரளவு வரும்; ஆட்டத்தில்தான் யாரும் சேர்ப்பதில்லை. ஓடிப்போய் நடுவில் நிற்பாள், “இது அவுட், நீ ஏமாத்துற” என்று தீர்ப்புச் சொல்வாள். நான் அவசரப்பட்டு, “இவளையும் சேர்த்துக்கோங்க” என்று அதிகாரம் செய்தேன். சேர்த்துக்கொண்டார்கள், ஒப்புக்குச் சப்பாணியாக. பந்து அவள் பக்கம் வந்தாலும் கணக்கில்லை. தனியாக நிற்பதைவிட அது மோசம் என்பதை அவள் முகமே சொன்னது.

எல்லோரோடும் சுலபமாகச் சேர்கிற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அப்புறம்தான் கவனித்தேன். ‘என்னைச் சேர்த்துக்கோ’ என்று அவர்கள் அதிகம் கேட்பதில்லை. கொஞ்ச நேரம் ஓரமாக நின்று ஆட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்கள். வெளியே உருண்டு வரும் பந்தை எடுத்துப் போடுகிறார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே இருக்கிறார்கள். இதை என் அறையில் இரண்டு பிள்ளைகளை வைத்து ஒத்திகை பார்த்தோம். முதலில் பார், தீர்ப்புச் சொல்லாதே, பந்து வந்தால் எடுத்துப் போடு. தோற்றால் சொல்ல ஒரு வார்த்தையும் வேண்டுமே. “அடுத்த ஆட்டம்” என்பதை அவளே தேர்ந்தெடுத்தாள். மைதானத்தில் முதல் வாரம் மூன்று நாள் சொதப்பல். நாலாம் நாள் சேர்ந்தாள், அவுட் ஆனாள், பல்லைக் கடித்துக்கொண்டு “அடுத்த ஆட்டம்” என்றாள். எப்போதும் இப்படி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கும் சில நாள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள்.

பையன் இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். வாரத்துக்கு ஒரு நாள் முதல் வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு வாசிப்பில் துணையாக அவனை உட்கார வைக்கிறேன். போன வாரம் அந்தக் குழந்தை ‘மேகம்’ என்ற சொல்லில் நின்றுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தது. அவன் சட்டென்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். மேசைக்கு அடியில் அவன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.