நாலு விரல்கடை களிமண்

வேற்றுக் கிரகத்தில் உயிர் இருக்குமா என்று படிக்கத் தொடங்கி, கடைசியில் டென்மார்க் கடற்கரையில் வந்து நின்றேன். கோபன்ஹேகனிலிருந்து கோகே, அங்கிருந்து ரோட்விக் வரை சின்ன ரயில், பிறகு பாறை விளிம்போரமாக ஒன்றரை மணி நேர நடை. இத்தனையும் நாலு விரல்கடை களிமண்ணைப் பார்க்கத்தான் என்றதும், "நம் வயலில் இல்லாத களிமண்ணா?" என்று கேட்டாள் அக்கா.

ஸ்டெவன்ஸ் கிளின்ட் என்ற அந்தப் பாறைச் சுவரின் விளிம்பில், ஹோயரூப்பில், ஒரு பழைய தேவாலயம் நிற்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும் அது சேவலின் ஓர் அடி அளவுக்கு உள்ளே தள்ளிப்போகும் என்பது ஊர்க்கதை. 1928இல் மறந்துவிட்டதோ என்னவோ, ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்துவிட்டது.

படியிறங்கிப் போனேன். கீழே வெள்ளை வெளேரென்று சீமைச்சுண்ணாம்பு, மேலே கெட்டியான சுண்ணாம்புக்கல், நடுவே கறுத்த கோடு. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் மோதிய விண்கல்லின் தூசு இதில் படிந்திருக்கிறது. இயற்பியலாளர் லூயிஸ் அல்வரெஸ், அவர் மகனும் புவியியலாளருமான வால்டர் உள்ளிட்டோர் 1980இல் வெளியிட்ட ஆய்வின்படி, பூமியின் மேற்பரப்பில் அரிதாகவும் விண்கற்களில் தாராளமாகவும் கிடைக்கும் இரிடியம் என்ற உலோகம் இந்த மண்ணில் வழக்கத்தைவிட 160 மடங்கு.

கோட்டுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்பே சடலக் குவியல்தான். கண்ணுக்குத் தெரியாத கடற்பாசிகளின் ஓட்டுத் துணுக்குகள் அவை. வெயிலை நம்பிப் பிழைத்தவை. மோதலின் தூசால் வானம் இருண்டதும் அவற்றில் பெரும்பாலான இனங்கள் மாண்டன. அதே மோதலில் அழிந்த டைனோசருக்கு உருகும் நாம் இவற்றுக்காக ஒரு 'உச்' கூடக் கொட்டுவதில்லை.

வேடிக்கை என்னவென்றால், கல் விழுந்த இடத்திலேயே உயிர் குடியேறியிருக்கிறது. மெக்சிகோவில் அந்த மோதல் உண்டாக்கிய சிக்சுலூப் பள்ளத்தை 2016இல் துளையிட்டு எடுத்த பாறைகளில், மோதலின் சூட்டில் நெடுங்காலம் வெந்நீர் ஓடிய தடமும், அதில் நுண்ணுயிர்கள் வாழ்ந்த அடையாளமும் கிடைத்தன. செவ்வாயிலும் மோதல் பள்ளங்களுக்குப் பஞ்சமில்லை. 2021இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசீரோவும் அப்படி ஒன்றுதான். சனியின் துணைக்கோளான என்சலடஸில் பனி ஓட்டுக்கு அடியில் கிடக்கும் கடலுக்கோ வெயிலே எட்டாது. அங்கே ஏதாவது நெளிந்துகொண்டிருந்தால், மேலே வானம் இருண்டது அதற்குத் தெரியவா போகிறது?

தோண்டாமல், அந்தக் கோட்டை ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக ஒட்டிக்கொண்டது. திரும்பும் ரயிலில் அந்தக் கறையைப் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன்.

"சாப்பிடுவதற்கு முன்னால் கையைக் கழுவு" என்று பதில் வந்தது.